தித்திப்பு கேட்ட வெள்ளை நூல்

தை கழிந்து மாசி பிறந்த சமயத்தில், சுலோச்சனா சம்பங்கிப் பூவைப் பறித்துக் கூடையில் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து, அடுப்படியில் வெறுங்காலோடு நின்று டீயை வாயில் வைத்தாள், தித்திப்பில்லை, இன்னொரு கரண்டி போட்டாள், அப்போதும் இல்லை, நாட்டுச்சர்க்கரை டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், மணலை வைத்த மாதிரி இருந்தது, சரி, நாக்குத்தான் செத்துப்போச்சு என்று குனிந்தபோது, தன் இரண்டு உள்ளங்கால்களிலிருந்தும் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை நூல்கள் கிளம்பி, சிமெண்டுத் தரையின் விரிசலுக்குள் இறங்கிப் போயிருப்பதைக் கண்டாள். காலைத் தூக்கினாள், நூல் அறுந்தது, வலிக்கவில்லை. காலை வைத்தாள், சற்று நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. டீ ஆறிக்கொண்டிருந்ததால் அவள் அதைக் குடித்து முடித்தாள்.

பங்குனிக்குள் எங்கள் ஊஞ்சக்காட்டுப்புதூரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஆகிவிட்டது. சுலோச்சனாவின் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் பெரிய ஊஞ்ச மரத்தடியில் கிளம்பிய அந்த நூல், அவள் சம்பங்கிப் பாத்திக்குள் புகுந்து, வாய்க்கால் ஓரமாகவே நடந்து, மாரியம்மன் கோயில் வாசலைத் தாண்டி, ஊருக்குள் வந்து, வெறுங்காலோடு நின்றவர்கள் காலையெல்லாம் பிடித்துக்கொண்டது. சாணி மெழுகிய தரையில் தாராளமாக ஏறியது, சிமெண்டுத் தரையில் விரிசல் தேடியது, டைல்ஸ் போட்ட வீடுகளில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வந்தது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் பயமாக இல்லையா என்று கேட்கிறார்கள். பயப்பட வேண்டுமானால் ஓரிடத்தில் உட்கார வேண்டும், எங்களால் உட்காரவே முடியவில்லை.

அதுதான் எங்கள் பாடு. நூல் பிடித்த நாளிலிருந்து ஊருக்கே இருப்புக் கொள்ளவில்லை. கிழக்குத் தோட்டத்தில் ஒரு புழு வேரைத் தொட்டால், மேற்குத் தெருவில் சோற்றில் கை வைத்தவன் குதிகாலில் சுருக்கென்று தைத்து எழுந்தான், யார் வீட்டிலோ குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே நாலு வீடு தள்ளி இருப்பவள் துணியை நனைத்துப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள், என்ன வரப்போகிறது என்று தெரியாமல், வரப்போகிறது என்று மட்டும் தெரிந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடிந்ததும் தெருத்தெருவாக நடந்தோம், எதிரே வருகிறவனும் அப்படியே நடந்து வந்தான், இருவரும் தலையாட்டிக்கொண்டு கடந்து போனோம். கொசு வந்து கையில் உட்கார்ந்து, மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கசந்ததோ என்னவோ, எழுந்து போய்விட்டது.

இதற்கு முன்னால் சில வருஷங்களாக எங்கள் ஊர்ச் சம்பங்கியை நூல்புழு தின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத புழு. வேருக்குள் போய்க் குடியேறிவிடும், வேர் உருண்டை உருண்டையாக முடிச்சுப் போட்டு வீங்கும், மேலே இலை வெளிறும், பூத்தண்டு முழங்கை உயரத்தோடு நின்றுவிடும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டை மூட்டையாக டிஏபி உரம் கொட்டுவது ஒன்றுதான். இப்போது பார்த்தால் சுலோச்சனாவின் சம்பங்கி இடுப்புயரத்துக்குத் தண்டு விட்டு நின்றது, நூல் போன வழியெல்லாம் மற்றவர்கள் தோட்டங்களும் கறுகறுவென்று பச்சை கட்டின.

வேளாண்மை ஆபீசர் நசீமா வந்தார். வரப்பில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே இறங்கி ஒரு செடியைக் கிளறி, வேரை வாளித் தண்ணீரில் அலசி எங்களுக்குக் காட்டினார். வேரைச் சுற்றி வெள்ளை நூல் பின்னிக் கிடந்தது, முடிச்சு ஒன்றுகூட இல்லை.

"இது வேர்ப்பூசணம். புதுசு ஒண்ணுமில்ல, எல்லா நல்ல மண்ணுலயும் இருக்கறதுதான்" என்றார். "நூல்புழு வந்து குடியேற வேண்டிய எடத்துல இது முன்னாடியே குடியேறிக்குது. அப்புறம் செடியத் தூங்க விடாது. ஆள் வருது, ஆள் வருதுன்னு தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கும். முழிச்சிருக்கற செடி, புழு வாய வச்ச உடனே வேரைக் கெட்டியாக்கிக் கசப்பை ஊத்தும். சும்மா இல்ல, அதுக்குக் கூலியா செடிகிட்ட சர்க்கரை வாங்கிக்கும். நீங்க டிஏபியக் கொட்டிக் கொட்டி, செடிக்கு இதோட தயவே வேண்டாம்னு ஆக்கி வச்சிருந்தீங்க."

"அது சரிங்க, மனுசன் கால்ல எதுக்குங்க ஏறுது?" என்று டீக்கடை மயில்சாமி கேட்டார்.

நசீமா தன் காலைப் பார்த்தார். அவர் காலிலும் பிடித்திருந்தது. "அது எங்க புத்தகத்துல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் ஓரிடத்தில் நிற்க முடியாமல் வரப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்க ஆரம்பித்தார்.

கூலி என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் எங்களுக்குச் சமாதானமாகிவிட்டது. வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடுக்காமல் இருக்க நாங்கள் அப்படிப்பட்ட ஊர் இல்லை. மயில்சாமி டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டு, பாய்லருக்குக் கீழே தரையில் ஒரு பிடி தூவிவிட்டுத்தான் கடையைத் திறந்தார். வீடுகளில் மூலைக்கு மூலை நாட்டுச்சர்க்கரை வைத்தார்கள், எறும்புகூட அதைத் தொடவில்லை. கோயில் சர்க்கரைப் பொங்கலை முகம் சுளிக்காமல் தின்னப் பழகினோம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் ஏகக் கொண்டாட்டம், அவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஒறம்பரை சொந்தபந்தங்களைக் கூட்டிவந்து கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி நிற்க வைத்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, ருசியில்லாத கேசரியை வாயில் வைத்தபடியே, அந்தப் பெண்ணின் நெஞ்சு படபடப்பது தன் குதிகாலில் அடிப்பதைக் கேட்டு, இந்தப் புள்ளைக்கு இதுல இஷ்டமில்லீங்க என்று சொல்லி மரியாதையாக எழுந்து போனான். அவன் நல்லா இருக்கட்டும் என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் சொல்லுகிறோம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வீட்டில் டீ தித்தித்தது. அது ஈஸ்வரமூர்த்தி வீடு.

ஈஸ்வரமூர்த்தி, சுலோச்சனாவின் புருஷன் சென்னிமலைக்கு உடன்பிறந்த அண்ணன். பாகம் பிரித்தபோது அந்த ஊஞ்ச மரம் தம்பி பங்குக்குப் போய்விட்டது. பக்கத்துக் காட்டு மரத்தின் வேர் நம் பயிரின் சாரத்தைக் குடித்துவிடும் என்று எல்லையில் பள்ளம் வெட்டி வேரை அறுப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் மற்றவர்கள் முழங்கால் ஆழத்துக்கு வெட்டுவார்கள். ஈஸ்வரமூர்த்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஆளைப் புதைக்கிற ஆழத்துக்கு வெட்டினார். ஒரு மழைக்காலத்தில் சென்னிமலை மாட்டைத் துரத்திக்கொண்டு ஓடிவந்து அதில் விழுந்து வலது முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். அண்ணனிடம் யாரும் சொல்லக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். அதன்பின் அவன் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதைப் பார்த்த அண்ணன், நடையிலேயே திமிரைப் பாரு என்று சொன்னார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளை நூலும் அந்தப் பள்ளத்தைத் தாண்டவில்லை. தம்பி பக்கத்துச் சுவரில் வந்து தொங்கிக்கொண்டு நின்றது. ஊர்த்தெரு வழியாக வீட்டுக்குள் வந்துவிடப் போகிறது என்று ஈஸ்வரமூர்த்தி பெண்டாட்டிக்கும் தனக்கும் ரப்பர் செருப்பு வாங்கிவந்து, வீட்டுக்குள், சாமி அறையில், படுக்கும் இடம்வரை அதோடுதான் நடக்க வேண்டும் என்றார். பூக்காட்டுக்குள் செருப்போடு நுழைவது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம், சாமிக்குப் போகிற பூ. அதையும் செய்தார். "அவன்ற காட்டுலருந்து வர்ற எதுவும் எனக்கு வேண்டாம்" என்றார்.

அவர் பெண்டாட்டி வசந்தாமணி தித்திப்பான டீயைக் குடித்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, வெளிறிப்போன சம்பங்கிக் காட்டில் ரப்பர் செருப்போடு நடந்தாள். ஊரே பரபரத்துக்கொண்டிருக்க, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு ஒரே பக்கம் திரும்பினார்கள், அவள் மட்டும் எதற்கென்று தெரியாமல் குடத்தோடு நின்றாள். அப்படி நின்று நின்று அவளுக்கு வந்த தவிப்பு, எங்கள் தவிப்பைவிட மோசமானது. சுலோச்சனாவும் அவளும் ஓரகத்திகள், ஒரே தலையணையில் படுத்து ஊர்க்கதை பேசினவர்கள், பாகப்பிரிவினைக்குப்பின் பேச்சில்லை.

சித்திரையில் ஈஸ்வரமூர்த்தி ஒரு முடிவோடு வந்தார். "செடி அத்தனையும் போச்சு. செங்கல் சூளைக்காரன் வந்து பார்த்துட்டுப் போயிட்டான். ஆளாழத்துக்கு மண்ணெடுத்துக்கறானாம். நாளைக்குக் காலைல ஜேசிபி வருது."

"மண்ணெடுத்துட்டா அப்பறம் அதுல என்னங்க வெளையும்?"

"ஒண்ணும் வெளைய வேண்டாம். திருப்பூர்ல போயிப் பனியன் கம்பெனில உக்காந்துக்கலாம்."

வசந்தாமணி அந்தக் காட்டுக்கு மருமகளாக வந்தவள். கல்யாணமான புதிதில் பிறந்த வீட்டு நினைப்பில் அழுகை வரும்போதெல்லாம் வீட்டில் அழாமல் அந்தப் பாத்திகளில் போய் உட்கார்ந்து அழுதவள். குழந்தை தங்காமல் போன இரண்டு தடவையும் அங்கேதான் ஒரு மூலையில் புதைத்தார்கள், அந்த மூலையில் அவள் செவ்வரளி வைத்திருந்தாள். ஆளாழத்துக்கு என்று புருஷன் சொன்னபோது அவளுக்கு அந்த மூலைதான் கண்ணில் நின்றது. அவர் அதை மறந்துவிட்டாரா, மறக்கத்தான் திருப்பூர் போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் சூளைக்காரரைப் பார்க்கப் போனதும், உச்சி வெயிலில், அவள் காட்டுக்கு நடந்தாள். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து ரப்பர் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தம்பி பக்கத்துச் சுவரில் நூல் வெள்ளைச் சடையாகத் தொங்கியது, அதில் முதுகைச் சாய்த்து ஒரு காலை அந்த மண்ணில் பதித்து, இன்னொரு காலை அகட்டித் தன் காட்டுச் சுவரில் உதைத்துக்கொண்டு நின்றாள். ஊரில் எல்லோரும் தித்திப்பைக் கொடுத்துக் கொடுத்து வற்றிப்போயிருந்தோம், அவள் ஒருத்தியிடம்தான் இத்தனை மாதத்துத் தித்திப்பும் அப்படியே இருந்தது. நூல் ஒரு காலில் ஏறியது, அவளைக் கடந்து, மறு காலில் இறங்கியது.

அப்போது அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் அவள் பிறகு எங்களுக்குச் சொன்னாள். ஊரில் யாருக்குப் பல்வலி, யாருக்குப் பசி, கோயில் வாசலில் நிற்கிற கிழவர் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறார், மயில்சாமிக்கு மகன்மேல் என்ன கோபம், எல்லாம் ஒரே நேரத்தில் அவள் கால் வழியாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறின. அத்தனைக்கும் நடுவில் ஒருத்தி தினமும் ஊஞ்ச மரத்தடியில் நின்று பள்ளத்துக்கு அக்கட்டால, அண்ணன் காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த ஏக்கமும் வந்தது. அது சுலோச்சனா. வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள், வசந்தாமணி ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுலோச்சனா கையில் அச்சுவெல்லத்தோடு ஓடிவந்தாள். பள்ளத்தின் மேலே நின்று மூச்சு வாங்கினாள்.

"அக்கா, மயக்கம் வருதுல்ல? எனக்கும் வருது. வாயத் தொறங்க."

வெல்லத்தை ஒடித்து மேலிருந்தே அவள் வாயில் போட்டாள். வசந்தாமணி மென்றாள். தித்திப்பே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

"சப்புன்னு இருக்குது" என்றாள்.

"அப்படித்தாங்க்கா இருக்கும். இன்னொண்ணு திங்கறீங்களா?"

பொழுது சாயும்வரை அவள் அப்படியே நின்றாள், சுலோச்சனா மேலே உட்கார முடியாமல் நடந்துகொண்டே வெல்லத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வருவதற்குள் வசந்தாமணி செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன சடை மட்டும் பள்ளத்தில் குறுக்கே கட்டின கயிறாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு நூல் ராத்திரியோடு ராத்திரியாக ஈஸ்வரமூர்த்தி காட்டுக்குள் பரவியது.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது. டிரைவர் வெளியூர்ப் பையன், அந்த வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் போல அவனும் செருப்பைச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவன். வண்டியை வாய்க்கால் ஓரம் நிறுத்தி இறங்கி, ஒதுங்கப் போய்விட்டு வந்து, எந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கணும் என்று கேட்டான். ஈஸ்வரமூர்த்தி ஒரு கணம் செவ்வரளிப் பக்கம் பார்த்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டு, எதிர் மூலையைக் காட்டினார்.

வாளியின் பல் மண்ணில் இறங்கியது. அந்தக் கடியை நாங்கள் எல்லோரும் வாங்கினோம். மயில்சாமி டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே போட்டார், கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தவர் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார், குளித்துக்கொண்டிருந்தவன் சோப்போடு வந்தான், இத்தனை நாளாக எங்களை உட்காரவிடாமல் தெருத்தெருவாக நடக்க வைத்தது இதற்குத்தான் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாமலே புரிந்து, எல்லாத் தெருக்களிலிருந்தும் ஒரே காட்டுக்கு ஓடினோம். ஓடி வந்து அந்த வெளிறிப்போன பாத்திகளில், செடிக்கு ஒருவராக, நெருக்கமாக நின்றுகொண்டோம்.

"என்ற காடு, நான் விக்கறேன். உங்களுக்கென்ன?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"உன்ற காடுதான் மூர்த்தி" என்றார் மயில்சாமி. "வலிக்கறது எங்களுக்கு."

டிரைவர் பையன் லீவரை விட்டுவிட்டு இறங்கித் தன் குதிகாலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, மன்னிச்சுக்குங்க. என்னால முடியலீங்க. என்னையே நான் வெட்டிக்கற மாதிரி இருக்குதுங்க."

ஈஸ்வரமூர்த்தி வந்த கோபத்தில் அங்கே கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் பட்பட்டென்று கேட்க, செவ்வரளி மூலைக்கு நடந்தார். நீங்க வெட்டாட்டி நான் வெட்டறேன் என்றார். வசந்தாமணி கூட்டத்திலிருந்து வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்றாள். அவள் காலில் செருப்பு இல்லாததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"வெட்டுங்க" என்றாள். "நான் தடுக்கல. செருப்பக் கழட்டிட்டு ஒரே ஒரு வெட்டு வெட்டுங்க. அப்பறம் திருப்பூருக்கு எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்க, ஏறிக்கறேன்."

கழற்றாவிட்டால் அண்ணன் பயந்துவிட்டான் என்று தம்பி நினைப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சென்னிமலை பள்ளத்துக்கு அக்கட்டால மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஈஸ்வரமூர்த்தி செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை மண்ணில் வைத்து மண்வெட்டியை ஓங்கினார். ஓங்கினபடியே நின்றார். நாங்கள் எல்லோரும் எங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரங்கழித்து மண்வெட்டி தலைக்கு மேலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தரைக்கும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

மறுநாள் விடிகாலையில் வசந்தாமணி டீ வைத்துக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"சக்கர போடலியா?"

"போட்டிருக்குதுங்க."

அவர் மிச்சத்தையும் குடித்தார். உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போய் வந்தார், மறுபடி உட்கார்ந்து வலது முட்டியைத் தேய்த்தார். அவருக்கு முட்டியில் ஒரு நாளும் வலி இருந்ததில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார், எவ்வளவு தேய்த்தும் அந்த வலி இருந்த இடம் கைக்கு எட்டவில்லை.

"அவனுக்கு இந்த முட்டி எத்தன வருசமா இப்படி?" என்று கேட்டார்.

வசந்தாமணி காலி டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டாள்.

"பள்ளத்துல உழுந்தானா?"

"ஆமாங்க."

"நான் வெட்டுன பள்ளத்துலயா?"

அவள் தலையாட்டினாள். ஈஸ்வரமூர்த்தி எழுந்து மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. நாங்கள் அவரவர் வீட்டில் பல் துலக்கிக்கொண்டும், மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டும் இருந்தபோது, எங்கள் எல்லோருடைய உள்ளங்காலிலும், ஒரு பள்ளத்துக்குள் முதல் மண்வெட்டி மண் விழுவது தெரிந்தது. மயில்சாமி கடையில் டீக்கு நின்றிருந்த சென்னிமலைக்கும் தெரிந்தது. அவன் டம்ளரை வைத்துவிட்டு, சாய்ந்து சாய்ந்து, ஓட முடியாத காலோடு ஓடினான்.